துருப்பிடிச்ச லாரியும் கொஞ்சம் சரித்திரமும்

பழைய வண்டி ஒண்ணு வாங்கிட்டா எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எப்ப பெயிண்ட் அடிக்கப் போற?" மூணு மாசமா ஆபீஸ்ல, பக்கத்து வீட்டுல, ஊர்ல இருந்து வர்ற போன்லன்னு எங்கேயும் இதே கேள்விதான். ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி மாளலை. மொத்தமா ஒரு பதிவாப் போட்டுடலாம்னு உக்காந்துட்டேன். ஆனா ஒரு வரியில முடியற பதில் இல்லை. கொஞ்சம் சரித்திரம் பேசியாகணும். பொறுத்துக்குங்க மக்களே.

முதல்ல வண்டியைப் பத்தி. ஷெவர்லே 3100, அரை டன் பிக்கப். மேற்கு டெக்சாஸ்ல ஒரு பருத்திப் பண்ணைக் கொட்டகையில 20 வருஷத்துக்கும் மேல நின்னுக்கிட்டு இருந்தது. எஞ்சின் ஓடாது, பிரேக் பிடிக்காது, டயர் நாலும் தரையோட தரை. டிரெய்லர்ல ஏத்தித்தான் டாலஸ் பக்கம் நான் இருக்கிற வாடகை வீட்டுக்குக் கொண்டு வந்தேன். இங்கே இதுக்கு 'ப்ராஜெக்ட்' வண்டின்னு பேரு. இப்ப ஓடாது, ஓட வெச்சுடலாம்ங்கற நம்பிக்கையில வாங்கறது. (நமக்கு ப்ராஜெக்ட்னாலே டெட்லைன் ஞாபகம்தான் வரும். இதுல டெட்லைனும் இல்லை, கிளையண்ட்டும் இல்லை. கேள்வி கேட்க வீட்டம்மா மட்டும் உண்டு.)

சரி, மேட்டருக்கு வருவோம்.

பிக்கப்ங்கற வண்டியை முதல்ல உருவாக்கினது கம்பெனிகளை விட விவசாயிகள்தான்னு சொல்லணும். 1908ல ஃபோர்டு மாடல் டி வந்ததும் அமெரிக்க கிராமத்துக்காரங்க அதை வாங்கி, பின்பக்கத்தைக் கழட்டிட்டு மரப்பெட்டி வெச்சுக்கிட்டாங்க. தீவனம், பால் கேன், கோழிக்கூண்டு எல்லாம் அதுல போச்சு. இதைப் பார்த்த ஃபோர்டு 1917ல மாடல் டிடின்னு ஒரு டன் சுமக்கிற சேஸிஸ் போட்டது. விலை 600 டாலர். வெறும் சேஸிஸ், அவ்வளவுதான். கேபின், பெட்டி எல்லாம் வாங்கினவர் பாடு. உள்ளூர் தச்சரோ பட்டறைக்காரரோ கட்டித் தருவார். நம்ம ஊர்ல லாரி சேஸிஸை மட்டும் வாங்கி நாமக்கல்லுக்கோ கரூருக்கோ ஓட்டிட்டுப் போய் பாடி கட்டறாங்களே, அதே கதைதான்.

1925 ஏப்ரல்லதான் ஃபோர்டு கம்பெனியே பெட்டியோட சேர்த்து ஒரு வண்டியை வித்தது. மாடல் டி ரன்அபவுட், பின்னாடி இரும்புப் பெட்டி, திறந்து மூடற பின்கதவு, கனமான பின் ஸ்பிரிங். எஞ்சின் 20 குதிரைத்திறன். விலை 281 டாலர். முதல் வருஷமே சுமார் 34,000 வண்டி வித்தது. விவசாயி தானே வெட்டி ஒட்டிப் பண்ணிக்கிட்டதைக் கம்பெனி ரெடிமேடா குடுத்தது, அவ்வளவுதான் விஷயம்.

ஆனா 281 டாலர் கூட இல்லாதவங்க நிறைய பேர். ஜான் ஸ்டெய்ன்பெக் 1939ல எழுதின 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவல் படிச்சவங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஓக்லஹோமாவுல நிலத்தை இழந்த குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் போற வண்டி ஒரு பழைய ஹட்சன் கார். பின்பாதியை வெட்டி எடுத்துட்டு லாரியாக்கினது. 1930கள்ல அந்த நெடுஞ்சாலையில போன எத்தனையோ வண்டிகளோட கதை அது. அந்தக் காலத்து விவசாயிக்கு வண்டிங்கறது கலப்பை மாதிரி, கடப்பாரை மாதிரி ஒரு கருவி. உடைஞ்சா அவனே சரி பண்ணுவான், தேவைப்பட்டா வெட்டுவான், ஒட்டுவான்.

அப்புறம் போர். 1942 பிப்ரவரியோட அமெரிக்காவுல பொதுமக்களுக்கான கார் உற்பத்தி நின்னு போச்சு. தொழிற்சாலைகள் எல்லாம் டாங்கி, விமானம், ராணுவ லாரின்னு மாறிடுச்சு. ஜி.எம்.சி. இரண்டரை டன் ராணுவ லாரி மட்டும் 5 லட்சத்துக்கும் மேல செஞ்சாங்க. பண்ணையில இருந்தவங்க பழைய வண்டியையே ஒட்டுப் போட்டு ஓட்டினாங்க. 1945ல போர் முடிஞ்சப்ப, நாடு முழுக்கத் தேய்ஞ்சு போன லாரிகள். புதுசு எது வந்தாலும் வாங்க ஆள் ரெடி. முதல்ல கம்பெனிகள் போருக்கு முந்தின டிசைனையே திரும்ப அடிச்சுத் தள்ளினாங்க.

1947 ஜூன் 28ஆம் தேதி ஷெவர்லே தன்னோட புது லாரி வரிசையை அறிமுகப்படுத்தியது. பேரு 'அட்வான்ஸ் டிசைன்'. மூணு பேர் தாராளமா உக்கார்ற அகலமான கேபின், மட்கார்டுக்குள்ள புதைஞ்ச ஹெட்லைட், முன்னை விடப் பெரிய கண்ணாடி. கூடுதலா காசு கொடுத்தா கேபினோட பின் மூலையில ரெண்டு வளைஞ்ச கண்ணாடியும் உண்டு. ஆறே மாசத்துல, 1948 ஜனவரியில, ஃபோர்டு தன்னோட எஃப்-1 வண்டியை இறக்கியது. இன்னிக்கு எஃப்-150ன்னு ஓடுதே, அதோட கொள்ளுத்தாத்தா. ஆனா அந்தக் காலத்துல லாரி விற்பனையில முன்னாடி இருந்தது ஷெவர்லேதான். அட்வான்ஸ் டிசைன் வரிசை 1955 தொடக்கம் வரைக்கும் வந்தது. லட்சக்கணக்குல செஞ்ச வண்டி. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசியில தேவைப்படும்.

இப்ப நம்ம வண்டி எந்த வருஷம்?

வித்தவர் குடுத்த பத்திரத்துல 1952ன்னு இருந்தது. இதுல சந்தேகப்படறது நல்லது. அந்தக் காலத்துல பல இடங்கள்ல வண்டி செஞ்ச வருஷத்தை விட்டுட்டு வித்த வருஷத்தையே பதிவு பண்ணியிருக்காங்க. வெளித்தோற்றம் எட்டு வருஷமும் பெருசா மாறலை. ஆனா சின்னச் சின்னதா மாத்திக்கிட்டே இருந்தாங்க. அதை வெச்சே வருஷத்தைக் கண்டுபிடிச்சுடலாம். கல்வெட்டுல எழுத்தோட வடிவத்தைப் பார்த்து எந்த நூற்றாண்டுன்னு சொல்றாங்க பாருங்க, அது மாதிரி.

பெட்ரோல் டேங்க் கேபினுக்குள்ள, சீட்டுக்குப் பின்னாடி நிமிர்ந்து நிக்குது. அப்ப 1949 அல்லது அதுக்கு அப்புறம். முன் கண்ணாடி நடுவுல பட்டையோட ரெண்டு துண்டா இருக்கு. 1954ல ஒரே கண்ணாடி ஆயிடுச்சு, அதனால அதுக்கு முன்னாடி. கதவுக் கண்ணாடியில முக்கோணமா திறக்கிற சின்னக் காத்துக் கண்ணாடி இருக்கு. அது 1951லதான் வந்தது. கதவோட வெளிக் கைப்பிடி கீழே திருகித் திறக்கிற மாதிரி. 1952ல அது அமுக்கித் திறக்கிற பட்டனா மாறிடுச்சு. காத்துக் கண்ணாடியும் திருகு கைப்பிடியும் சேர்ந்து இருந்தது 1951 மட்டும்தான். கதவுச் சட்டத்துல இருக்கிற தகட்டையும் துடைச்சுப் பார்த்தேன். வரிசை எண்ணுல வருஷத்துக்கான எழுத்து 'ஜே'. 1952னா 'கே' இருக்கணும். ஆக, பத்திரம் 1952ன்னு சொல்லுது, வண்டி 1951ன்னு சொல்லுது. நான் வண்டியை நம்பறேன் :)

போட்டோ அனுப்பினதும் அப்பா போன்ல, "ஏம்ப்பா, இன்ஜினியரிங் படிச்சுட்டுப் போய் ஓட்டை லாரியா வாங்கினே?"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு அவரே, "மூஞ்சியைப் பார்த்தா எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கே"ன்னார். இருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல பம்பாய்ல தொழிற்சாலை வெச்சு, 1954 வரைக்கும் அங்கே ஷெவர்லே கார், லாரி எல்லாம் பூட்டி வித்தது. மதுரை டி.வி.எஸ். அவங்களோட பெரிய ஏஜென்ட். நம்ம ஊர் ரோட்டுலயும் பழைய ஷெவர்லே லாரிகள் நிறைய காலம் ஓடியிருக்கு.

உள்ளே என்ன இருக்குன்னும் சொல்லிடறேன். இதே மாதிரி வண்டி வாங்கற ஆசை யாருக்காவது இருந்தா உபயோகப்படும். எஞ்சின் 216 கன அங்குலம், அதாவது மூணரை லிட்டர், வரிசையா ஆறு சிலிண்டர். சுமார் 90 குதிரைத்திறன். இதுல கனெக்டிங் ராடுக்குத் தனியா பேரிங் ஷெல் கிடையாது. பேபிட்ங்கற மெத்துன்னான உலோகக் கலவையை ராடுலயே உருக்கி ஊத்தியிருப்பாங்க. ராடோட அடியில இருக்கிற சின்னக் கரண்டி எண்ணெய்த் தொட்டியில முங்கி முங்கி எண்ணெயை எடுத்துக்கும். நிதானமா ஓட்டினா காலத்துக்கும் ஓடும். இன்னிக்கு இருக்கிற நெடுஞ்சாலை வேகத்துல விரட்டினா பேரிங் போயிடும். பேபிட் ஊத்தத் தெரிஞ்ச பட்டறைகளும் ரொம்பக் குறைஞ்சு போச்சு. பேட்டரி 6 வோல்ட். ஸ்டார்ட் பண்ண, கால்ல ஒரு மிதி கட்டையை மிதிக்கணும். வைப்பர் எஞ்சின் உறிஞ்சற காத்துல ஓடறது, மேட்டுல ஏறும்போது சோர்ந்து போயிடும். பிரேக்குக்கு ஒரே சர்க்யூட். ஒரு இடத்துல எண்ணெய் ஒழுகினா நாலு சக்கரத்துலயும் பிரேக் கிடையாது. ஷெவர்லே வண்டிகள்ல ரெட்டை சர்க்யூட் வந்தது 1967லதான். சீட் பெல்ட் கிடையவே கிடையாது.

வாங்கும்போது பார்க்க வேண்டியது எஞ்சினை விட தகரம்தான். கேபினோட பின் கீழ் மூலை, கால் வைக்கிற தளம், கதவுக்கு அடியில போற படி, இந்த மூணும்தான் முதல்ல இத்துப் போகும். வட மாநிலங்கள்ல பனிக்காலத்துல ரோட்டுல உப்பு கொட்டுவாங்க. அந்த உப்பு தின்ன வண்டிகளுக்கு இந்த இடங்கள்ல ஓட்டைதான் இருக்கும். மேற்கு டெக்சாஸ் காய்ஞ்ச பூமி. அதனாலதான் 70 வருஷத்துக்கு மேல ஆகியும் என் வண்டியில மேலே துரு மட்டும் பிடிச்சு உள்ளே தகரம் கெட்டியா இருக்கு. ஒரு மூலையும் பாதித் தளமும்தான் போயிருக்கு.

அட்வான்ஸ் டிசைனுக்கு அப்புறம் பிக்கப்போட கதையே திரும்பிடுச்சு. 1955ல ஷெவர்லே 'கேமியோ கேரியர்'னு ஒண்ணு விட்டது. கார் மாதிரி வழுவழு பக்கங்கள், ரெட்டைக் கலர், விருப்பப்பட்டா வி-8 எஞ்சின். வீட்டு வாசல்ல நிறுத்தி அழகு பார்க்கிற லாரி. ரொம்ப விற்கலை, ஆனா வழி காட்டிடுச்சு.

அடுத்த திருப்பத்துக்குக் காரணம் கோழி! நிஜமாத்தான். அமெரிக்காவோட மலிவான பிராய்லர் கோழி ஐரோப்பாவுல குவிஞ்சதும், 1962ல ஐரோப்பியப் பொதுச் சந்தை அது மேல வரியை ஏத்தியது. பதிலுக்கு 1963 டிசம்பர்ல ஜனாதிபதி ஜான்சன், உருளைக்கிழங்கு ஸ்டார்ச், டெக்ஸ்ட்ரின், பிராந்தி, இலகுரக லாரி நாலு மேலயும் 25 சதவீத வரி போட்டார். லாரி குறி வெச்சது ஃபோக்ஸ்வேகனை. மத்த மூணுக்கும் பிற்பாடு வரி போயிடுச்சு, லாரிக்கு மட்டும் நிலைச்சுடுச்சு. ஜப்பான் கம்பெனிகள் கொஞ்ச நாள் ஒரு தந்திரம் பண்ணாங்க. பெட்டி இல்லாம கேபினும் சேஸிஸும் மட்டும் கொண்டு வந்தா 4 சதவீதம்தான் வரி. இங்கே இறங்கினதும் பெட்டியைப் பூட்டிடுவாங்க. 1917ல விவசாயி பண்ணின அதே வேலை! 1980ல அந்தச் சந்தையும் அடைபட்டது. வெளிநாட்டுப் போட்டி குறைஞ்ச இடத்துல அமெரிக்க பிக்கப் பெருசாகிக்கிட்டே போச்சு. 1977ல இருந்து அமெரிக்காவுல அதிகம் விற்கிற பிக்கப் ஃபோர்டு எஃப் வரிசைதான். இன்னிக்கு அதுல தோல் சீட், ஏசி, பெரிய திரை எல்லாம் உண்டு. பெட்டியில ஒரு கீறல் விழுந்தா ஓனருக்கு அன்னிக்குத் தூக்கம் வராது.

என் வண்டியோட பெட்டியில கீறல் இல்லாத இடமே இல்லை.

இப்பதான் பெயிண்ட் கேள்விக்கு வர்றேன். வண்டி மேல இப்ப இருக்கிறது வெளுத்துப் போன சிவப்பு. யாரோ பிரஷ்ல அடிச்சது. அது உரிஞ்ச இடத்துல பச்சை தெரியுது. அதுதான் கம்பெனி அடிச்ச 'ஃபாரஸ்டர் கிரீன்'. டிரைவர் பக்கக் கதவோட மேல் விளிம்புல பெயிண்டே இல்லை, தேய்ஞ்சு இரும்பு பளபளன்னு இருக்கு. வருஷக் கணக்கா யாரோ முழங்கையை அங்கே வெச்சு ஓட்டியிருக்காங்க. வலது பக்கக் கதவுல அந்தத் தேய்மானம் இல்லை. பெரும்பாலும் தனியாவே ஓட்டின ஆள் போல.

ஒரு நாள் ராத்திரி டார்ச்சைச் சாய்ச்சுப் பிடிச்சுப் பார்த்தப்ப, சிவப்புக்கு அடியில எழுத்து மேடா தெரிஞ்சது. கையால எழுதின விளம்பர எழுத்து. ஒரு ஜின்னிங் மில்லோட பேரு, ஊர் பேரு, கீழே நாலே இலக்கத்துல போன் நம்பர். வித்தவர் கிட்ட கேட்டேன். அவருக்கே அது தெரியாது. அவங்க அப்பா அந்த மில்லுல வேலை பார்த்தாராம், மில் மூடினப்ப வண்டியை வாங்கினாராம். மில் இருந்த இடம் இப்ப காலி மனை. எடை மேடையோட காங்கிரீட் மட்டும் மிச்சம். அந்த மில்லோட பேரு எழுதியிருக்கிற இடம்னு எனக்குத் தெரிஞ்சு இந்தக் கதவு ஒண்ணுதான்.

முழுசா புதுப்பிக்கணும்னா முதல் வேலை என்ன தெரியுமா? மணலைக் காத்துல பீய்ச்சி அடிச்சு, பெயிண்ட், துரு எல்லாத்தையும் வெள்ளை இரும்பு வரைக்கும் எடுக்கறது. நம்ம ஊர்க் கோயில்கள்ல திருப்பணின்னு சொல்லி இதே மணல் வீச்சைப் பண்ணி, எத்தனை கல்வெட்டு மழுங்கிப் போச்சுன்னு உங்கள்ல பல பேருக்குத் தெரியும். சுவர் சுத்தமாயிடும். படிக்கத்தான் ஒண்ணும் இருக்காது.

"லட்சக்கணக்குல செஞ்ச வண்டிதானே, இதுல என்ன சரித்திரம்?"னு வீட்டம்மா கேட்டாங்க. நியாயமான கேள்வி. ராஜா காரை மியூசியத்துல வெப்பாங்க. லட்சத்துல ஒண்ணா இருந்ததை யாரும் வெச்சுக்க மாட்டாங்க. போட்டு ஓட்டுவாங்க, இல்லை காயலான் கடைக்குப் போடுவாங்க, இல்லை பளபளன்னு சிவப்பு பெயிண்ட் அடிச்சு கண்காட்சிக்குக் கொண்டு போவாங்க. அப்படிப் பளபளக்கற 1951 ஷெவர்லே இந்த நாட்டுல எத்தனையோ இருக்கு. அதைச் செஞ்சவங்களைக் குறை சொல்லலை, அருமையான கைவேலை. ஆனா கண்காட்சி வண்டியைப் பார்த்தா 1951ல ஷோரூம்ல அது எப்படி இருந்ததுன்னு தெரியும். அதுக்கப்புறம் பருத்தி ஊர்ல என்ன வேலை பார்த்ததுன்னு தெரியாது. இங்கே பழைய வண்டிக்காரங்க ஒண்ணு சொல்வாங்க: எந்த வண்டியும் ஒரிஜினலா இருக்கிறது ஒரே ஒரு தடவைதான்.

அதுக்காக அப்படியே ஷோகேஸ்ல வைக்கப் போறதில்லை. கருவியா பிறந்தது, வேலை செய்யணும். நான் வெச்சுக்கிட்ட விதி ஒண்ணுதான். ஒரு மாற்றத்தைப் பின்னாடி கழட்டிட்டு பழைய மாதிரி ஆக்க முடியுமா? முடியும்னா தாராளமா செய்யலாம். ரெட்டை சர்க்யூட் பிரேக், சீட் பெல்ட், புது ஒயரிங், பெட்டிக்குப் புது மரப்பலகை எல்லாம் உண்டு. சீட்டுக்குப் பின்னாடி பெட்ரோலை வெச்சுக்கிட்டு மனைவியை உக்கார வைக்க எனக்கு தைரியம் இல்லை. டேங்க்கைக் கழட்டி பத்திரமா வெச்சுட்டு, பெட்டிக்கு அடியில வேற டேங்க் போடறேன். இத்துப் போன மூலையும் தளமும் மட்டும் விதிவிலக்கு. அங்கே வெட்டி வெல்டு வெச்சுத்தான் ஆகணும், இல்லைன்னா மிச்ச கேபினும் போயிடும். கதவுகளுக்கு மட்டும் மணலும் கிடையாது, பெயிண்டும் கிடையாது. துரு பரவாம இருக்க ஆளிவிதை எண்ணெயை மெல்லிசா தடவிடுவேன், அவ்வளவுதான்.

சிவப்பை மட்டும் ஈரமான எமரித்தாள்ல மெதுவா தேய்ச்சு எடுத்தா அடியில இருக்கிற எழுத்து முழுசா வெளிய வரும்னு ஒருத்தர் சொல்றார். ஆனா அந்தச் சிவப்பும் யாரோ ஒரு விவசாயி மில் மூடின அப்புறம் தன் கையால அடிச்சதுதானே. அதுவும் கதையில ஒரு பக்கம். இதுல என்ன பண்றதுன்னு இன்னும் முடிவு பண்ணலை. கல்வெட்டு, ஓலைச்சுவடின்னு எழுதற பதிவர்கள் இந்தப் பக்கம் வந்தா பின்னூட்டத்துல உங்க அபிப்ராயத்தைச் சொல்லுங்க. அதுவரைக்கும் கதவைத் தொட மாட்டேன்.

இந்த வாரக் கடைசியில டேங்க்கைக் கழட்டறேன். உள்ளே என்னென்ன இருந்துச்சுன்னு அடுத்த பதிவுல.